அடக்க முடியாத நீரும் அடக்கி வைத்த பேச்சும்

(அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் சிறுநீரியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திண்ணையில் உட்கார்ந்து நாளெல்லாம் பேசும் ஆண்கள்கூடத் தொடாமல் விட்டுவிடுகிற விஷயம் ஒன்றைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்த பிறகு சிலருக்கு நீர் நிற்காமல் ஒழுகுகிறதே, அதைப் பற்றி. தாய்மார்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். நனைந்த வேட்டியைத் துவைத்துக் காயப்போடுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாத ரகசியம் இதில் எதுவும் இல்லை.

மலையில் வாழ்கிற ஆணுக்கு இந்தக் கோளாறு தரும் தொல்லை கூடுதல். மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறிச் சில்வர் ஓக் மரத்தோடு ஒட்டி நிற்கும்போது அடிவயிறு இறுகும், நீர் சொட்டும். பலாப்பழத்தைத் தோளில் ஏற்றினால் சொட்டும். மரவள்ளி மூட்டையைத் தூக்கினால் சொட்டும். மார்கழிக் குளிரில் ஒரு தும்மல் போட்டாலும் சொட்டும். செம்மேட்டில் பஸ் ஏறி 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்திலுள்ள காரவள்ளி போய்ச் சேரும்வரை தாங்குமா என்ற பயத்திலேயே சிலர் பயணத்தை விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போவதில்லை. துக்க வீட்டுக்குப் போவதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் முட்டி வலி என்று சொல்லிவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த ஒழுக்குக்கு வைத்தியம் இருக்கிறது, அதுவும் படிப்படியாக இருக்கிறது. ஆனால் எந்தப் படியில் தொடங்குவது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டுமானால், எப்போது ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்று நீங்கள் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். வாய் திறக்காததால் குணமாகாமல் கிடக்கிறவர்களே அதிகம்.

முதலில், நம் உடம்பு நீரை எப்படித் தேக்கி வைக்கிறது என்று பார்ப்போம். நீர்ப்பை அடிவயிற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 300 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அதன் வாய்க்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது புரோஸ்டேட் சுரப்பி. ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. விந்துநீரில் ஒரு பங்கு இங்கே சுரக்கிறது. வாலிப வயதில் அதன் எடை சுமார் 20 கிராம். இந்தப் பாதையில், ஏரிக்கு மடை இருப்பதுபோல, இரண்டு மடைகள் உள்ளன. மேல் மடை நீர்ப்பையின் வாயில் இருக்கிறது. அது நம் உத்தரவுக்குக் காத்திருக்காது. தூங்கும்போதும் தானே மூடிக் கிடக்கும். கீழ் மடை, புரோஸ்டேட்டைத் தாண்டி அதற்குக் கீழே இருக்கும் வளையத் தசை. அவசரத்துக்கு நாம் இறுக்கிப் பிடிப்பது இதைத்தான். இரண்டு மடைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற உறுப்பில்தான் கத்தி வைக்கிறோம். ஒழுக்கு வருவதற்கான முக்கியக் காரணம் இந்த இடநெருக்கடியில் அடங்கியிருக்கிறது.

புரோஸ்டேட் ஆபரேஷனில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பக் கூடாது.

முதல் வகை வயதானால் வரும் வீக்கத்துக்குச் செய்வது. ‘சதை வளர்ந்திருக்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். 60 வயதைத் தொட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புரோஸ்டேட்டில் இந்த வளர்ச்சி இருக்கும். எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை. இது புற்றுநோய் அல்ல. மாத்திரையில் கேட்காதபோதும், நீர்க்கட்டு வந்து டியூப் போட வேண்டி வரும்போதும், நீர்ப்பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி உள்சதையைச் செதுக்கி எடுக்கிறார்கள். மின்சாரத்தாலும் செய்வார்கள், லேசராலும் செய்வார்கள். வெளியே தையல் இருக்காது. இப்படிச் செதுக்கும்போது மேல் மடை பெரும்பாலும் திறந்துபோய்விடும். ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல் நீர்ப்பைக்குள் போய்விடுவதும் இதனால்தான். அதற்குப் பிறகு கீழ் மடை ஒன்றே காவல். அது பழுதாகாமல் இருந்தால் போதும், நீர் நிற்கும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நிரந்தரமாக ஒழுகுவது நூற்றில் ஒருவருக்கு நேர்ந்தாலே அதிகம். சில வாரம் அவசரமும் சொட்டும் இருப்பது சகஜம். புண் ஆற ஆற அது அடங்கும்.

இரண்டாவது வகை புற்றுநோய்க்குச் செய்வது. இதில் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டு, நீர்ப்பையையும் கீழே உள்ள குழாயையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள். 1904இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ யங் இதைச் செய்தார். அதே மருத்துவமனையில் 1982இல் பாட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புகளைக் காப்பாற்றி அறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2000 வாக்கில் ரோபோ கருவியால் செய்யும் முறை வந்தது. ரோபோவில் செய்தால் ஒழுகவே ஒழுகாது என்று சிலர் நினைத்துக் கடன் வாங்கிப் போகிறார்கள். சுவீடனில் 14 மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து ஓராண்டு கழித்து, நீரை உறிஞ்சும் பேடை நாளுக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டிய நிலையில் இருந்தவர்கள், ரோபோ முறையில் நூற்றுக்கு 21 பேர், வயிற்றைத் திறந்து செய்த முறையில் நூற்றுக்கு 20 பேர். ஆகவே எந்தக் கருவி என்பதைவிட, இந்த ஆபரேஷனை நிறையச் செய்து பழகிய கையா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

ஒழுகுவதெல்லாம் ஒரே நோய் அல்ல. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்குக் கெடுதலாகும்.

இருமும்போது, தும்மும்போது, எழுந்திருக்கும்போது, பாரம் தூக்கும்போது சொட்டுகிறது, படுத்தால் நின்றுவிடுகிறது என்றால், கீழ் மடை தளர்ந்திருக்கிறது என்று பொருள். புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் காண்பது இதுதான். இன்னொரு வகையில், திடீரென்று முட்டிக்கொண்டு வரும். கொல்லைப்புறம் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடும். இங்கே மடையில் குறையில்லை. நீர்ப்பைதான் அடங்காமல் தானாகச் சுருங்குகிறது. பல வருடம் அடைப்போடு முக்கி முக்கிப் பழகிய நீர்ப்பை, அடைப்பு நீங்கிய பிறகும் சில காலம் அப்படித்தான் நடந்துகொள்ளும். நீரில் கிருமித் தொற்று இருந்தாலும் இப்படி வரும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக வரும். வயிறு கனமாக இருக்கும். போனாலும் தாரை மெலிந்திருக்கும். பார்ப்பவர்கள் நீர் நிற்கவில்லை என்பார்கள். உண்மையில் நீர் வெளியேறவே இல்லை. தழும்பால் பாதை சுருங்கி, நீர்ப்பை நிரம்பி வழிகிறது. இவருக்கு நீர்ப்பையை அடக்கும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றிச் சிறுநீரகமே கெடலாம். நான்காவது, சாதாரணமானது. நீர் கழித்து முடித்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு நாலு அடி நடந்ததும் சில சொட்டு வரும். குழாயின் வளைவில் தங்கிய நீர் அது. விரைக்குப் பின்னால் விரல்களை வைத்து மெதுவாக முன்னோக்கி அழுத்தித் தள்ளினால் அந்த நீர் வெளியே வந்துவிடும். மருந்தே தேவையில்லை.

எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவு பிடிக்காது. மூன்று நாள் கணக்கு எழுதி வாருங்கள். அளவுக் கோடு போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் குவளை போதும். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, என்ன குடித்தீர்கள், எப்போது என்ன செய்யும்போது ஒழுகியது, எத்தனை துணி மாற்றினீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதித் தரட்டும். இந்தக் காகிதம் ஒன்று இருந்தால் மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். அதற்கு மேல் நீர்ப் பரிசோதனை, சர்க்கரை அளவு, நீர் கழித்த பிறகு நீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன். தேவைப்பட்டால் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பார்கள். நீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் உண்டு.

அடுத்தது காலம். ஆபரேஷனில் நீர் வடியப் போட்ட டியூபை எடுத்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று மாதத்திலேயே பெரும் முன்னேற்றம் தெரியும். ஓராண்டு வரைகூடத் தேறிக்கொண்டே போகும். ஆகவே முதல் மாதத்திலேயே மனம் உடைந்துபோக வேண்டாம். அதே சமயம், ஓராண்டு தாண்டியும் வேட்டி நனைகிறது என்றால், இனி இப்படித்தான் என்று விதியின் மேல் பழியைப் போட்டு உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

இனி உடற்பயிற்சி. அமெரிக்காவில் ஆர்னால்டு கெகல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948இல் பிரசவித்த பெண்களுக்காகச் சொன்ன பயிற்சி இது. ஆண்களுக்கும் அதே தசைதான் வேலை செய்கிறது. இருந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம், வாருங்கள். நாற்காலியில் இருப்பவர்களும் தரையில் இருப்பவர்களும் கால்களைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சபையில் காற்றுப் பிரியப் போகிறது, அதை அடக்க வேண்டும் என்று நினைத்து ஆசனவாயை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். கூடவே, பாதியில் நீரை நிறுத்துவதுபோல முன்பக்கமும் இழுங்கள். சரியாகச் செய்தால் குறியின் அடிப்பகுதி உள்ளே இழுபடும், விரை கொஞ்சம் மேலே எழும்பும். வயிறு இறுகக் கூடாது. தொடை இறுகக் கூடாது. பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். ஐந்து எண்ணும்வரை முழுதாகத் தளர்த்துங்கள். பழகப் பழகப் பத்து எண்ணும்வரை பிடிக்கலாம். இப்படிப் பத்து முறை. பிறகு வேக வேகமாக இழுத்து விடுவது பத்து முறை. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவுடனேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது. தசையை அடையாளம் கண்டு வைத்திருப்பவருக்குப் பின்னால் சுலபம். டியூப் உள்ளே இருக்கும் நாட்களில் செய்யக் கூடாது. நீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை, தசை எது என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை செய்யலாம். அதையே தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பயிற்சியை வேலையோடு இணைப்பது. இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் இழுத்துப் பிடியுங்கள், பிறகு இருமுங்கள். மூட்டைக்குக் குனியுமுன் இழுத்துப் பிடியுங்கள், பிறகு தூக்குங்கள். ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குக் கனமான பாரமே வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரு பெரிய மூட்டையை இரண்டு சிறிய மூட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லாமல் போனால் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியும் ஒழுகிய ஆண்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சியாளர் நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்களில் சிறிதளவாவது கசிவு இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 76, இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 77. உள்சதையைச் செதுக்கி எடுத்தவர்களில் முதல் பிரிவில் நூற்றுக்கு 65, இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 62. வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. அப்படியானால் பயிற்சி வீணா? தொடக்க மாதங்களில் சிலருக்குச் சீக்கிரம் தேற அது உதவுகிறது. காசில்லை, பக்க விளைவில்லை. ஆகவே செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால், ‘நீ சரியாகச் செய்திருக்க மாட்டாய்’ என்று யாரும் அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. அவரும் தன்னை நொந்துகொள்ளக் கூடாது. அடுத்த படிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒழுகுகிறது என்று குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்போது நீர் சுண்டி, மஞ்சளாகி, நீர்ப்பையைக் கரிக்கும். அவசரம் இன்னும் கூடும். தொற்றும் கல்லும் வரலாம். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். பகலில் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். இந்த மலையில் விளைகிற காப்பி அருமையானது. ஆனால் காப்பியும் டீயும் நீர்ப்பையைத் தூண்டும். அவசரம் உள்ளவர்கள் அதைக் காலை ஒரு டம்ளரோடு நிறுத்தி, விளைவதை விற்றுக் காசு பாருங்கள். சாராயம் கூடாது. பீடியை விட்டால் இருமல் குறையும். இருமல் குறைந்தால் சொட்டும் குறையும். மலச்சிக்கல் இருந்தால் முக்கி முக்கி அடித்தசை தளரும். அதற்கு உங்கள் பாட்டன் பூட்டன் சாப்பாடே மருந்து: சாமை, தினை, கேழ்வரகு, கீரை, வாழைப்பழம்.

மூலிகைக்குப் பேர் போன மலை இது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு ஆகியவற்றை நம் முன்னோர் நீர் நன்றாகப் பிரிவதற்குக் கொடுத்தார்கள். ஒழுகிக்கொண்டிருப்பவருக்கு நீரை இன்னும் பெருக்கினால் தொல்லைதான் பெருகும். தளர்ந்த தசையைக் கஷாயத்தால் இறுக்க முடியாது. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

திடீரென்று முட்டிக்கொண்டு வரும் வகைக்கு மாத்திரைகள் உண்டு. ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனாசின் போன்றவை நீர்ப்பையின் துடிப்பை அடக்கும். வாய் வறளும், மலம் கட்டும், வயதானவர்களுக்குச் சில சமயம் நினைவு தடுமாறும். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வதால் அந்தத் தொல்லைகள் குறைவு; ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரையோடு, நீர்ப்பையைப் பழக்குவதும் வைத்தியம்தான். ஒரு மணிக்கு ஒரு தடவை போகிறவர் ஒன்றேகால் மணி நேரம் பொறுத்துப் பார்க்கட்டும். சில நாள் கழித்து ஒன்றரை மணி நேரம். இப்படிக் கால் மணி கால் மணியாக நீட்டிக்கொண்டு போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதைக் காலையில் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

வைத்தியம் பலிக்கும்வரை அன்றாடம் ஓட வேண்டுமே. கடையில் பெரியவர்களுக்கான பேடும் டயப்பரும் கிடைக்கின்றன. தினம் வாங்கக் கட்டாது என்றால், பழைய பருத்தி வேட்டியைப் பல மடிப்பாகத் தைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். நனைந்ததை உடனே மாற்றி, சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் ஊறினால் தொடை இடுக்கில் புண் வரும். கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் தடவுங்கள். ஆணுறைபோல மாட்டி, குழாய் வழியாகப் பையில் நீரைச் சேர்க்கும் சாதனமும் உண்டு. பஸ் பயணத்துக்கு மிகவும் உதவும். குறியில் மாட்டும் கிளிப்பும் உண்டு. ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை தளர்த்த வேண்டும். தூங்கும்போது மாட்டவே கூடாது. மருத்துவர் அளவு பார்த்துச் சொல்லிக் கொடுக்காமல் யாரும் அதைத் தொடாதீர்கள். கயிறும் ரப்பரும் கட்டுவது மகா ஆபத்து. ரத்த ஓட்டம் நின்று உறுப்பே கெட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு ஆகியும் ஒழுக்கு நிற்காதவர்களுக்கு ஆபரேஷன் இருக்கிறது. கொஞ்சமாக ஒழுகுகிறவர்களுக்கு நீர்க்குழாயின் அடியில் வலைப்பட்டை ஒன்றைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் செய்யலாம். நிறைய ஒழுகுகிறவர்களுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை. 1972இல் ஹூஸ்டன் நகரில் பிரான்ட்லி ஸ்காட் என்பவர் முதலில் பொருத்திக் காட்டினார். இன்று உலகெங்கும் பொருத்தப்படும் வடிவம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. உள்ளே மூன்று பாகம்: நீர்க்குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அடிவயிற்றில் ஒரு சிறு பலூன், விரைப்பைக்குள் ஒரு பம்பு. பட்டையில் திரவம் நிறைந்து குழாயை மூடியிருக்கும். நீர் வந்ததும் பம்பை விரலால் சில தடவை அமுக்கினால் திரவம் பலூனுக்குப் போய்ப் பட்டை தளரும், நீர் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே திரும்பி மூடிக்கொள்ளும். பொருத்தி ஏறத்தாழ ஆறு வாரம் கழித்துத்தான் இயக்கி வைப்பார்கள். விரலில் பலம் வேண்டும், விஷயம் புரிய வேண்டும். பல ஆண்டு கழித்துச் சிலருக்கு மாற்ற நேரிடும். விலை லட்சக்கணக்கில். இதைப் பொருத்திக்கொண்டவர் பிற்பாடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டியூப் போடுமுன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் டியூப் போட்டால் நீர்க்குழாய் கிழியலாம்.

வலைப்பட்டையையும் செயற்கைத் தசையையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு கழித்து இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் சிறிதாவது கசிகிறது என்றே சொன்னார்கள். ஆனால் தொல்லை வெகுவாகக் குறைந்தது, வாழ்க்கை மீண்டது என்றும் அவர்களே சொன்னார்கள். சொட்டே இல்லாத பழைய உடம்பை யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பயமில்லாமல் பஸ் ஏறலாம், தோட்டத்துக்குப் போகலாம் என்ற நிலையைப் பெரும்பாலோருக்குக் கொண்டுவர முடியும்.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், செம்மேட்டு அரசு மருத்துவமனை. நீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் அங்கேயே தொடங்கலாம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நாமக்கல் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி அங்கே 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிறுநீரியல் நிபுணரின் சிகிச்சை வேண்டுமானால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. உங்கள் சிகிச்சை அதில் சேருமா என்று மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. வருகிறவரிடம் முட்டி வலியைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104. நீர் அடியோடு நின்றுபோனாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் சிறுநீர்ச் சங்கடத்தோடு பொதுவாழ்வில் நடமாடிக் காட்டியவர் ஒருவர் உண்டு. தந்தை பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் உடம்பில் சிறுநீர்க் குழாயோடும், அது வடியும் பாத்திரத்தோடும் ஊர் ஊராகப் போனார். மேடையில் வலி தாங்காமல் முனகுவார். முனகிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பேசியதே அவருடைய கடைசிச் சொற்பொழிவு. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 24இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 94ஆம் வயதில் காலமானார். அவருடைய கொள்கையை ஏற்பவரும் இருப்பார்கள், ஏற்காதவரும் இருப்பார்கள். அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அவர் மதிப்பு குறைந்தது என்று சொன்னவர் எவரும் இல்லை. நம் வீட்டுப் பெரியவருக்கு மட்டும் எப்படி மதிப்பு குறைந்துவிடும்?

தாய்மார்களே, வீட்டுக்காரர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார், தனியே படுக்கிறார், வேட்டியைத் தானே அலசுகிறார் என்றால், ‘என்னங்க, நீர் சொட்டுதா’ என்று நீங்களே கேட்டுவிடுங்கள். வாடை வருகிறது என்று முகம் சுளிக்க வேண்டாம். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கேலி பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிமார்களே, கழிப்பறை இல்லாத வீட்டில் வயதான அப்பாவோ பெரியப்பாவோ இருந்தால், படுக்கைக்குப் பக்கத்தில் நீர் கழிக்க ஓர் ஏற்பாடு செய்து கொடுங்கள். இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அது ஒழுக்கைவிடப் பெரிய கேடு.

ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இன்று இரவே கணக்கெழுதத் தொடங்குங்கள். மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், ‘எனக்கு நீர் ஒழுகுது, இந்த இந்த நேரத்தில் ஒழுகுது’ என்று நேராகச் சொல்லுங்கள். ஒருவர் சொல்லி வைத்தியம் பார்த்துக்கொண்டால், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள். அந்த முதல் ஆள் அரியூர் நாட்டிலிருந்தே புறப்படட்டும்.